பிடியரிசி வளர்த்த சங்கம்

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் சரித்திரத்தையே எழுதி முடித்திருக்கின்றனர். ரேனியுஸ் ஐயர் செய்தது இது, கால்டுவெல் ஐயர் கட்டியது அது என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அவர்கள் செய்த நன்மையை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயினும் பனையேறியின் மனைவி ஒருத்தி, உலையிலிடுவதற்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு கலயத்தில் இட்டுவைத்தாளே, அவளுடைய சரித்திரத்தை எழுதினார் யார்? நாமறிந்த அளவில் அஃது இன்னும் எழுதப்படவே இல்லை. அந்தக் கலயத்தின் வரலாற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த மதத்தையும் பரப்பவோ பழிக்கவோ நாம் எழுதினோமில்லை. ஏழைக் குடும்பம் ஒன்று கொடுக்கக் கற்றுக்கொண்டால் அதன் நடை எவ்வாறு மாறுகிறது என்பதே நமது கேள்வி.

பிடியரிசி முறையை அறியாதவர் இருக்கலாம். ஆதலின் சிறிது விரித்துரைப்போம். காலையிலும் மாலையிலும் சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, வீட்டுக்காரி ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுகிறாள். வாரக் கடைசியில் அக்கலயம் கோயிலுக்குச் செல்கிறது. அங்கே அளந்து விற்று, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒரு கைப்பிடி ஏறக்குறைய 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், இருவேளைக்கு 100 கிராம். மாதத்திற்கு 3 கிலோ. நூறு வீடுள்ள ஊரில் இது மாதம் 300 கிலோவாகிறது. ஒரு வீட்டில் ஒரு வாய்ச் சோறு குறைந்தது என்று யாரும் அறியார். ஆனால் ஓர் உபதேசியின் குடும்பம் உண்டு உடுத்துப் பிழைக்க அது போதும்.

இம்முறையில் அடங்கிய நுட்பங்கள் பல. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இதை ஏற்படுத்தியவர்கள் குடும்பத்தின் உள்நிலையை நன்கு அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பனைத்தொழில் ஆண்டு முழுவதும் நடப்பதன்று. பதநீர்க் காலத்தில் கையில் காசு புரளும். அது கழிந்தால் கடன்காரன் வாசலில் நிற்பான். காசாகக் கேட்டால் பாதி வருஷம் கிடைக்காது. அரிசியோ கஞ்சிக்காகிலும் தினமும் அளக்கப்படுகிறது. இரண்டாவதாக, காசு ஆண்பிள்ளையின் மடியில் இருப்பது. அதிற் பெரும்பகுதி எங்கே போயிற்று என்பதைக் கள்ளுக்கடைக்காரன் சொல்வான். அரிசிப் பானையோ பெண்பிள்ளையின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆகவே சபையில் முதன்முதலாகத் தன் கையால் தன் பொருளைக் கொடுப்பவளாகப் பெண் எழுந்து நின்றாள். சொத்துரிமை இல்லை, கல்வி இல்லை, சபைக் கூட்டத்தில் வாய் திறக்க இடமில்லை என்றிருந்த ஒரு காலத்தில், இதனைச் சிறிய காரியம் என்று நாம் ஒதுக்கிவிட முடியுமோ? இன்னொன்றும் உண்டு. அந்தப் பிடி, உண்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கப்பட்டதன்று; உண்பதற்கு முன் எடுக்கப்பட்டது. அடுப்பருகே குந்தியிருக்கும் குழந்தை அதைத் தினம் இருமுறை பார்க்கிறது. நூறு பிரசங்கம் அக்குழந்தைக்கு அதனினும் மேலாக எதைக் கற்பிக்கும்?

இப்பழக்கம் கிறிஸ்தவர்களுக்கே உரியதென்று எண்ணுவதும் பிழை. விருதுபட்டி என்று முன்னாளில் வழங்கிய விருதுநகரில், நாடார் குலத்தார் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து வளர்த்ததுதான் 1889ல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை. வணிகர்கள் தம் வியாபாரத்தில் சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமைப் பணமும் அவ்வாறே பள்ளிக்கும் கிணற்றுக்கும் சென்றது. அப்பள்ளியில் படித்த பிள்ளைகளுள் ஒருவர்தாம் பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த காமராசர். பிடியரிசியில் வளர்ந்த பள்ளியில் பயின்றவர் பிறர் பிள்ளைக்குச் சோறு போடுவதைத் தம் ஆட்சியின் முதற்கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது வியப்பன்று.

இனித் திருநெல்வேலிக்குத் திரும்புவோம். ரேனியுஸ் 1820 முதல் 1838ல் தாம் காலமாகும் வரையில் அந்த ஜில்லாவில் உழைத்தவர். மதம் மாறியதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்கும்பொருட்டு அவர் 1830ல் தர்ம சங்கம் என்பதை ஏற்படுத்தினார். நாட்டுக் கிறிஸ்தவர்களின் சந்தாவும் அதில் சேர்ந்தது. தாமே ஏழைகளாயிருந்து, தம்மினும் ஏழைகளுக்கு இடம் தேடிக்கொடுத்தவர்கள் இவர்கள். 1850களில் இராக்லந்து என்னும் பாதிரியார் வட திருநெல்வேலிக்கு ஊர் ஊராகச் சென்று போதிக்கப் புறப்பட்டபோது, தென் பகுதிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசிமாரை மாறி மாறி அனுப்பின. அதே காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலே வேலை செய்த தமிழ்க் கூலியாட்களிடையே பணிபுரியவும் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் கப்பலேறினர். தோட்டத்து அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கங்காணியும் தரகனும் தேடிவந்த காலத்திலேயே, தம்மூர்ப் பெண்களின் பிடியரிசிக்கும் காணிக்கைக்கும் கடமைப்பட்ட ஒரு சிலரும் நம்மவரைத் தேடி வந்தார்கள்.

ஆனால் அந்நாளில் இவையெல்லாம் வெள்ளைக்காரர் கண்பார்வையில் நடந்தவை. பணத்தின் பெரும்பகுதி சீமையிலிருந்து வந்தது; ஆதலால் அதிகாரமும் சீமையிலேயே இருந்தது. லண்டனில் மிஷன் சங்கக் காரியதரிசியாக 1841 முதல் 1872 வரை விளங்கிய ஹென்றி வென் என்பார், நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டுமென்று ஓயாது எழுதினார். நல்ல கொள்கைதான். எனினும் எழுதியவர் லண்டனிலிருந்தார். கணக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜில்லாவிலிருந்தார்கள். சோறு போடுகிறவன் சொல் ஏறும் என்பது எங்கும் உள்ளதே. இதைப் பொறுக்கமாட்டாத அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்னும் தமிழர், 1857ல் நாசரேத்தை அடுத்த வட்டாரத்தில் வெள்ளைப் பாதிரிமாரை விட்டுப் பிரிந்து தனியே ஒரு சபை கண்டார். அவர் கொள்கைகள் சிலவற்றை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. ஆயினும் அன்னியன் காசு வேண்டாம், அன்னியன் அதிகாரமும் வேண்டாம் என்று தமிழ்நாட்டில் முதன்முதல் துணிந்து சொன்னவர்களுள் அவரும் ஒருவர் என்பதை எப்படி மறைப்பது?

இதைச் சண்டையாக நடத்தாமல் வேலையாக நடத்திக் காட்டியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூர்ச் சபையின் குரு. அசரியா வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாகத் தென்னாடெங்கும் சுற்றிவந்தார். 1898ல் அன்பு மாரியம்மாளை மணந்தபோது, கடன் வாங்கிக் கலியாணம் செய்து அக்கடனிலேயே மூழ்கும் அக்காலத்து வழக்கத்துக்கு மாறாக, வரதட்சணையும் ஆடம்பரமும் விலக்கப்பட்டன. கொடுக்கக் கற்பிப்பவர் முதலில் வீணாக்காதிருக்கக் கற்கவேண்டுமென்பதை அத்தம்பதிகள் அறிந்திருந்தனர் போலும். அன்பு அம்மையாரோ அந்தக் காலத்திலேயே கல்லூரி கண்ட பெண்மணி.

1902ல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே ஒரு காட்சி அவரைச் சுட்டது என்றே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தமக்குள் ஒரு சங்கம் கூட்டி, கடலுக்கு இப்பாலுள்ள இராமநாதபுரத்துத் தொண்டிப் பகுதிக்குத் தம் செலவில் ஊழியர்களை அனுப்பி வைத்திருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இது எப்படியிருந்திருக்கும்? ஜனத்தொகையிற் சிறிய யாழ்ப்பாணம் நம் கரைக்கு ஆள் அனுப்புகிறது. ஆயிரமாயிரம் கிறிஸ்தவர்களைக் கொண்ட திருநெல்வேலியோ இன்னும் சீமைத் தபாலை எதிர்பார்த்து நிற்கிறது! மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12ந் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் ஆட்கள், இந்தியர் நிர்வாகம் என்பன அதன் மூன்று தூண்கள். சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் முதல் ஊழியராக நிஜாம் சமஸ்தானத்திலுள்ள தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அது தெலுங்கு நாடு. பாஷை வேறு, பழக்கம் வேறு.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். சங்கம் தோன்றியதற்கு நாலே ஆண்டுகளுக்கு முன், 1899ல், சிவகாசிக் கலகம் நடந்தது. நாடார்கள் கோயிலுக்குள் நுழையக் கூடாதென்று பிற சாதியார் அவர்கள் வீடுகளைக் கொளுத்திய காலம் அது. தெருவில் நடக்க உரிமை கேட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள், தமக்கு யாதொரு உறவுமில்லாத தெலுங்கு நாட்டு மாலர், மாதிகர் என்னும் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகத் தம் உலையரிசியைக் குறைத்துக்கொண்டனர். தன் சாதிக்குக் கொடுப்பது தமிழனுக்குப் புதிதன்று. சாதிச் சத்திரமும் சாதிப் பள்ளியும் எத்தனையோ பார்த்திருக்கிறோம். சாதியும் பாஷையும் கடந்து, முகமறியாதவனுக்கு முறையாக மாதந்தோறும் கொடுப்பதே புதிது. இந்த ஒன்றிற்காகவே சீர்திருத்தக்காரர்கள் இச்சங்கத்தின் வரலாற்றைப் படிக்கவேண்டும் என்போம்.

1910 ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷன் மகாநாடு கூடியது. அங்கு பேச அழைக்கப்பட்ட அசரியா, மேனாட்டுப் பாதிரிமார் நிறைந்த அச்சபையிலே, நீங்கள் இந்தியருக்குப் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், ஆனால் அவர்களைச் சமமாகப் பாவித்துத் தோழமை கொள்ளவில்லை என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். மண்டபத்தில் சிலருக்கு அது கசந்தது. அப்பேச்சைத் துணிச்சலென்று பலர் புகழ்ந்திருக்கின்றனர். அத்துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று கேட்டவர் குறைவு. ஏழாண்டுகளாகத் தம் மக்கள் பணத்தில் தம் மக்கள் நடத்திய ஒரு சங்கத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் பேசினார். வாங்க மட்டும் அறிந்தவன் தோழமை கேட்டால் அது விண்ணப்பமாகவே முடியும்.

முன் ஆண்டிலேயே அவர் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குப் போயிருந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29ந் தேதி கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல் தடவை. தோர்ணக்கல் மக்கள் பெரும்பாலும் கூலிக்காரர். பலர் பண்ணையடிமைகளுக்கு ஒப்பானவர். இவர்களிடமா காணிக்கை கேட்பது என்று சிலர் முகஞ்சுளித்தனர். கேட்கவேண்டும் என்பதே அசரியாவின் விடை. அவர் அங்கும் பெண்களிடம் பிடியரிசி முறையைப் புகுத்தினார். அறுவடைப் பண்டிகையில் தானியமும் கோழியும் காய்கறியும் வந்து குவிந்தன. ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேற் கைவைத்து, தாமும் பிறருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவரென்று சொல்லும்படி செய்தார். பெறுகிற அன்றே கொடுக்கவும் கடமையுண்டு என்று கற்பிக்கும் வழி இது. மாலரும் மாதிகரும் ஒருவரோடொருவர் உண்ணாதிருந்த நிலை உடனே மாறிவிடவில்லை. மாறாத இடங்களும் இருந்தன.

1935ல் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று பிரகடனம் செய்தபின், தாழ்த்தப்பட்டோர் மதம் மாறுவதைப் பற்றிக் காந்தியாருக்கும் அசரியாவுக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. அக்கதை பெரிது, இங்கே வேண்டாம். தன் மனச்சாட்சியின்படி மதத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு என்று அசரியா வாதித்தார் என்பதைமட்டும் குறிப்போம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் 1887 ஆகஸ்ட் 15ந் தேதி, சிராங்கூன் பக்கத்து ஷார்ட் தெருவில், ஒரு தமிழ் வியாபாரி இடமளிக்க, ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளி திறக்கப்பட்டது. நடத்தியவர் ஆஸ்திரேலியப் பெண்மணி சோபியா பிளாக்மோர். அவரை அனுப்பிய பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மேரி நிண்டு என்னும் அம்மையார், சிங்கப்பூர் வேலைக்கென்று 3000 டாலர் தருவதாகத் தம் மின்னசோட்டா நாட்டு மெதடிஸ்டு மாதரின் சார்பில் வாக்களித்தார். அம்மாதர் சங்கம் 1869ல் பாஸ்டன் நகரில் தோன்றியபோது வகுத்த சந்தா வாரத்துக்கு 2 சென்ட். நம்மூர்ப் பிடியரிசிக்கும் அந்நாட்டு இரண்டு சென்டுக்கும் என்ன வேற்றுமை? இரண்டும் அடுக்களைச் செலவிலிருந்து மிச்சம் பிடித்தவை. இரண்டையும் பிடித்தவர் பெண்கள். ஷார்ட் தெருவில் முளைத்த அப்பள்ளிதான் இன்று புக்கிட் தீமா வட்டாரத்தில் பிளாக்மோர் டிரைவ் என்னும் சாலையில் ஓங்கி நிற்கும் மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளி. புக்கிட் பாத்தோக்கிலிருந்து அது வெகு தூரமில்லை. அதன் முதல் இடத்தைக் கொடுத்தவர் தமிழர் என்பதை நம்மவருள் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றனர்?

புக்கிட் பாத்தோக் என்றால் இருமல் குன்று என்று பொருள் சொல்வாருண்டு. கல்லுடைக்கும் வெடியோசை இருமல்போல் கேட்டதாம். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. கற்குழிகள் மூடப்பட்டு, அடுக்குமாடி வீடுகள் எழும்பி, அங்கே நம் தமிழ்க் குடும்பங்களும் குடியேறிப் பல்லாண்டுகள் ஆயின. இவ்வீடுகளில் அரிசி இன்னும் அளக்கப்படுகிறது. ஆனால் மின்சாரப் பானையில் இடுமுன் ஒரு பிடியைத் திரும்ப எடுப்பவர் அரியர். காணிக்கை கைபேசியின் வழியே செல்கிறது. தகப்பன் விரலால் தொட்டான், பணம் போயிற்று. பக்கத்திலிருந்த பிள்ளை ஏதும் கண்டிலன். தொகை பெரிதாயிருக்கலாம். கல்வி எங்கே நடந்தது? மாதம் ஒருமுறையேனும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே உட்கார்ந்து, இந்த மாதம் நாம் எதை விட்டுக்கொடுத்தோம், அது யாருக்குப் போகிறது, அவ்வூர் எங்கேயிருக்கிறது என்று பேசினால், பழைய கலயத்தின் வேலை ஓரளவு நடக்கும். வேறு மதத்து அன்பர்களும் தம் பள்ளிக்கும் வாசகசாலைக்கும் இதையே செய்யலாமன்றோ?

தோட்டத்து நிலையையும் மறக்கலாகாது. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. அக்கூலியில் தோட்டத்துக் கள்ளுக்கடை ஒரு பங்கைத் தின்றது. வட்டிக்காரன் ஒரு பங்கைத் தின்றான். இத்தகையோரிடம் போய்க் கொடு கொடு என்று சொல்வது கொடுமையாகாதா என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. வெறும் அதட்டலால் பிடுங்கினால் அது கொடுமையே. சில சபைகளில் சந்தா பாக்கியென்று சொல்லிக் கலியாணக் காகிதத்தை நிறுத்திவைப்பதாகவும், கொடுத்தவன் பெயரை உரக்க வாசித்துக் கொடாதவனை நாணச்செய்வதாகவும் கேள்விப்படுகிறோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முட்டைக்கும் ஒரு பூசணிக்காய்க்கும் பத்துப் பங்கு விலை ஏற்றி, வீட்டில் மனைவி பட்டினியிருக்கப் பெருமைக்குக் காசெறிகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஏழை விதவையின் இரண்டு காசைப் புகழ்ந்து பேசிவிட்டு அவளுக்கு அடுத்த வேளைக்கு உண்டா என்று விசாரியாத பிரசங்கிமாரும் உளர். பிடியரிசியின் மேன்மையெல்லாம் அளவிலிருந்தது: கொடுப்பவள் தானே அளந்தாள், கலயத்தில் யாருடைய பிடி சிறிது, யாருடையது பெரிது என்று பார்ப்பாரில்லை.

கணக்கும் அவ்வாறே. வாங்கிய பணத்துக்குப் பொதுவில் கணக்குக் காட்டாத சங்கம், அது கோயிலாயினும் சரி, சபையாயினும் சரி, நம் சீர்திருத்தச் சங்கங்களேயாயினும் சரி, கொடுக்கக் கற்றவர்களை இரண்டே ஆண்டில் கொடாதவர்களாக்கிவிடும். மிஜோராம் மலைநாட்டைப் பாருங்கள். அங்கே 1910ஐ ஒட்டித் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இன்றளவும் நிற்கிறது. அந்தச் சிறிய நாட்டின் சபைகள் அரிசிப் பிடியால்மட்டும் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் திரட்டி நூற்றுக்கணக்கான ஊழியர்களைத் தாங்குகின்றன. அரிசி வீடு வீடாகச் சென்று பெறப்படுகிறது. சேர்ந்தது எவ்வளவென்று சபையார் அறிவர். நூறாண்டுக்கு மேலாகியும் கை சோரவில்லை.

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6ந் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிய இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின. மசூதியை நினைவூட்டும் கும்மட்டங்களும், கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களும், தாமரை, ஊமத்தைப் பூ, சிலுவை ஆகியவற்றின் செதுக்கு வேலைகளும் அதில் உண்டு. அசரியா 1945 ஜனவரி 1ந் தேதி காலமானார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், 1950களில் உலகக் கிறிஸ்தவ நூல் வரிசையில் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. ஒரு காலத்தில் வெள்ளாளன்விளைக்குக் காணிக்கை அனுப்பிய நாடுகளிலும் அதை விலைகொடுத்து வாங்கிப் படித்தார்கள்.